மழைக்கு ஒதுங்கியவர் பேராசிரியரானார்

விடுதியில் சேர்ந்த முதல் நாள். உணவுக்கூடத்தில் தட்டை ஏந்தியபடி, பரிமாறியவரிடம், "அண்ணாச்சி, என்ன வெஞ்சனம்?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தொட்டுக்கொள்ளும் காய்க்கு எங்கள் கரிசல் பக்கத்தில் அதுதான் பெயர். அன்று முதல் எனக்கும் அதுவே பெயராயிற்று. மெல்ல மெல்ல நான் பேச்சையே மாற்றிக்கொண்டேன். விடுமுறைக்கு ஊர் சென்றால் பாட்டி கேட்பாள்: "என்னய்யா, ஏட்டைப் பாத்து வாசிக்கிற மாதிரி பேசுற?"

இரண்டாம் ஆண்டில் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் என்னிடம் ஒரு நூலைக் கொடுத்து, "உன் ஊர்க்காரர் எழுதியது, படித்துப் பார்" என்றார். அது கி. ராஜநாராயணனின் சிறுகதைத் தொகுப்பு. 'கதவு' கதையைப் படித்தேன். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைப் பெயர்த்துச் செல்கிறார்கள். அதில் ஏறி விளையாடிய குழந்தைகள் தவிக்கிறார்கள். எங்கள் தெருவே அச்சில் ஏறி வந்தது போலிருந்தது.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-ஆம் ஆண்டு பிறந்தவர் கி.ரா. அதே ஆண்டில், அதே ஊரில் பிறந்தவர்தான் கு. அழகிரிசாமி. சின்னஞ்சிறு ஊருக்கு எத்துணைப் பேறு! கி.ரா.வின் வீட்டுமொழி தெலுங்கு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் வேடிக்கையாகச் சொல்வார். விவசாயியாக வாழ்ந்து, முப்பது வயதைத் தாண்டிய பின்னரே கதை எழுத வந்தார். கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி கண்டார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பட்டம் பெறாதவர் பட்ட வகுப்பு மாணவர்க்கு வழிகாட்டினார்! 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

2021 மே 17 அன்று அவர் மறைந்தபோது நான் பள்ளி மாணவன். இடைசெவலில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்ததை அப்பா செய்தித்தாளில் வாசித்துக் காட்டினார். யாரோ பெரிய மனிதர் என்று எண்ணினேனே தவிர, என் பாட்டியின் பேச்சுக்கும் சேர்த்துச் செய்த மரியாதை அது என்பதை அன்று நான் அறியேன்.

அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு பாட்டி முன் அமர்ந்தேன். "கைநாட்டுக்காரிகிட்ட எழுதி எடுக்க என்னய்யா இருக்கு?" என்று முதலில் வெட்கப்பட்டாள். பிறகு சொளகில் தவசம் புடைத்தபடியே சொல்லத் தொடங்கினாள். பருத்திமார், பூட்டாங்கயிறு என்று ஒவ்வொரு சொல்லும் ஒரு கதையை இழுத்துக்கொண்டு வந்தது. நாற்பது பக்கம் எழுதினேன். "மிச்சத்தைத் தைக்கு வந்து எழுதிக்கோ" என்றாள். தை வந்தது, பாட்டி இல்லை.

அந்தக் குறிப்பேட்டின் மீதிப் பக்கங்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. பேச்சை மாற்றிக்கொண்டு திரிந்த அந்த ஓராண்டை யார் எனக்குத் திருப்பித் தருவார்?

நண்பர்களே! உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பேராசிரியர் அமர்ந்திருக்கலாம். இந்தப் பொங்கலுக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். நான் இப்போது விடுதியில் உரக்கவே கேட்கிறேன்: "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"