பூட்டும் சாவியும்

மின்சாரத்தைத் தொட்டால்தான் ஆபத்து என்றே நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று எச்சரிக்காத வீடு இல்லை. நூற்பாலை ஒன்றின் மின்பிரிவில் பணிக்குச் சேர்ந்த பின்னரே, தொடாதவரையும் மின்சாரம் சுடும் என்பதை நான் அறிந்தேன். அவ்வாறு சுடுவதன் பெயர் மின்வில்.

பட்டறைகளில் வெல்டிங் வேலை நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணைப் பறிக்கும் அந்த ஒளியும் மின்வில்தான். ஆனால், அது பற்றவைப்பவரின் கைக்கு அடங்கியது. மின்பகிர்மானப் பேனலுக்குள் எழும் வில் எவர் கைக்கும் அடங்காது. 415 வோல்ட் அழுத்தமுள்ள செம்புப் பட்டைகள் அங்கே சில விரற்கடை இடைவெளியில் நிற்கின்றன. நழுவி விழும் ஸ்பேனரோ, உள்ளே புகுந்த பல்லியோ, படிந்த ஈரத் தூசியோ அந்த இடைவெளியை ஒரு கணம் இணைத்துவிட்டால் போதும், காற்றே மின்கடத்தியாகிவிடும். அங்கு வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான்! செம்பு உருகுவதோடு நில்லாமல் ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரிகிறது. அந்த வேகத்தில் பேனலின் கதவு பெயர்ந்து பறக்கும்; உருகிய துளிகள் எதிரே நிற்பவர்மீது தெறிக்கும்.

அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் லீ 1982-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இத்தீப்புண்களைக் கணக்கிட்டுக் காட்டியது. தோலின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1.2 கலோரி வெப்பம் பட்டாலே கொப்புளப் புண் தொடங்கிவிடும். மின்வில் நீடிக்கும் நேரம் இரட்டித்தால் உடலில் படும் வெப்பமும் இரட்டிக்கும். ஆகவே, பழுதை உணர்ந்ததும் பிரேக்கர் எத்தனை விரைவாக மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது என்பதில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆடையும் அற்பமானதன்று. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பருத்தி தீப்பற்றும். இதற்கெனத் தீத்தடுப்பு ஆடைகளும் முகக்கவசங்களும் உள்ளன. அவை தேவையே. ஆயினும், அவற்றை வாங்கி மாட்டிவிட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் நிர்வாகங்களோடு எனக்கு உடன்பாடில்லை. கவசம் வெப்பத்தைத் தடுக்கலாம். வெடிப்பின் அழுத்தத்தை முழுவதும் தடுக்காது. மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு வேலை செய்வதே முதற்காப்பு. எளிதாகத் தோன்றும் இதுவே ஆலைகளில் அரிதாகக் கிடைப்பது. பேனல் நின்றால் கதிர்கள் நிற்கும், கதிர்கள் நின்றால் கணக்கு குறையும்.

எங்களுடன் பணியாற்றிய மூத்த ஒயர்மேனை அனைவரும் 'அண்ணன்' என்றே அழைத்தோம். பிரேக்கரை நிறுத்தியதும் அதன்மீது தம் பூட்டைப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பின்னர்ச் சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்து அது உழைக்கிறதா என்று பார்ப்பார். அதன்பின் வேலை செய்யவிருக்கும் பட்டைகளைச் சோதிப்பார். மீண்டும் பழைய இடத்திற்கே சென்று கருவியைச் சரிபார்ப்பார். கருவி பழுதானாலும் 'மின்சாரம் இல்லை' என்றுதானே காட்டும்!

ஒருநாள் அவசர உற்பத்தி. பேனலின் ஒரு பகுதியை மட்டுமாவது ஓடவிடலாமே என்று மேலதிகாரி வற்புறுத்தினார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"உள்ளே கை வைப்பவன் நான், சார். நான் வெளியே வந்தால்தான் சாவியும் வெளியே வரும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் தம் வேலையை முடித்து, விட்ட கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் வைத்து, கதவைச் சாத்தித் திருகுகளை முடுக்கினார். பின்னரே பூட்டைத் திறந்தார். எங்களையும் அதிகாரியையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பேனலுக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரேக்கரை மேலே தள்ளினார்.