மல்லமொக்

ஆர்க்டிக் கடலில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடமேற்கு முனை. கப்பல் மெதுவாக ஊர்கிறது. பின்தளத்துக் கம்பியோரம் சிலர் நிற்கிறார்கள். சாம்பல் நிறப் பறவை ஒன்று இறக்கையை அசைக்காமல், விறைத்தாற்போல் நீட்டியபடி, எங்களோடு சமமாக வருகிறது. அலகின் மேல் குழல் போன்ற மூக்கு. அதன் வழியே உப்புநீர் சொட்டுகிறது. கருவிழியால் ஒவ்வொருவராகப் பார்க்கிறது. பயம் துளியும் இல்லை.

"மல்லமொக்!" என்கிறார் டச்சுத் தாத்தா. பேத்தி சிரிக்கிறாள்.

'மல்' என்றால் அசடு. 'மொக்' என்றால் கடற்காகம். அசட்டுக் கடற்காகம்! ஆனால் இது கடற்காகமே இல்லை, அல்பட்ராஸுக்குத்தான் உறவு. பெயர் சூட்டிய திமிங்கில வேட்டைக்காரர்களுக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு? அதோ தெரியும் ஆம்ஸ்டர்டாம் தீவில், ஸ்மீரன்பர்க்கில், 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் செப்புக் கொப்பரைகளில் கொழுப்பை உருக்கினார்கள். சிந்திய எண்ணெயும் மணலும் கலந்து இறுகிய வளையங்கள் இன்னும் கரையில் கிடக்கின்றன. அறுத்த திமிங்கிலத்தைச் சுற்றி இந்தப் பறவைகள் மொய்க்கும். தடியை ஓங்கினாலும் நகராது. அடித்தவன் வைத்த பெயர் அசடு. பசி என்று வைத்திருக்கலாம். 1671இல் இந்தக் கடலுக்கு வந்த ஹாம்பர்க் நகரத்து ஃப்ரீட்ரிக் மார்ட்டென்ஸின் பயண நூலிலேயே அந்தப் பெயர் ஏறிவிட்டது.

பிறகு அது ஆங்கில மாலுமிகளின் வாயில் 'மொல்லிமாக்' ஆகி, பூமத்திய ரேகையைத் தாண்டி, தென்கடலின் சிறிய அல்பட்ராஸ்களுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. டச்சுப் பறவை நூல்களிலோ எங்களோடு வரும் இந்தப் பறவைக்கு 'வடக்குப் புயற்பறவை' என்ற கௌரவமான பெயர் வந்துவிட்டது.

பழைய நார்ஸ் மொழிக்காரர்கள் வைத்த பெயர் வேறு. ஆங்கிலம் அதைத்தான் 'ஃபுல்மர்' என்று எடுத்துக்கொண்டது: நாற்றக் கடற்காகம். கூட்டை நெருங்குபவர் மீது இது வயிற்றிலிருக்கும் எண்ணெயைப் பீய்ச்சும். அந்த நாற்றம் லேசில் போகாது. பாறையேறிக் கூட்டருகே போனவன் யாரும் இதை அசடு என்றிருக்க மாட்டான்.

தாத்தாவுக்கும் இது தெரியும் போலிருக்கிறது. கன்னத்தை உப்பி, பறவையைக் காட்டி, தன் கோட்டைத் தொட்டு, மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். கூட்டில் இருக்கும்போதுதான் துப்பும், பறக்கும்போது பயமில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. சொல்லவில்லை.

பேத்தி இரண்டடி பின்னால் நகர்ந்து, தாத்தாவை முன்னே தள்ளுகிறாள்.