சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. என் கிளாஸ்ல இருக்கிறவங்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதியை இன்னிக்கு சொல்லிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். முகம் தெரியாதவங்க யாராவது படிச்சா: நான் புதுச்சேரியில பி.எஸ்சி நர்சிங் கடைசி வருஷம். ஆறாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து எனக்கு சுகர்.

"இந்த வயசுலயா? ஸ்வீட் நிறைய சாப்பிடுவியா?" இந்தக் கேள்வியைக் கேட்காதவங்க எங்க தெருவுல யாரும் கிடையாது. எங்க ஆயா இன்னிக்கும் பெரிய மார்க்கெட் பக்கத்துல எனக்கு அடிக்கடி வாங்கித் தந்த ஜாங்கிரிதான் காரணம்னு தன்னையே திட்டிக்கும். இல்ல ஆயா, இது டைப் 1. உடம்பு தன்னோட கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களைத் தானே அழிச்சுடும். ஜாங்கிரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நூறு தடவை சொல்லியாச்சு.

எங்க ஊர்ல சுகர்னா புதுசு ஒண்ணும் இல்ல. ஐ.சி.எம்.ஆர் நாடு முழுக்க எடுத்து 2023-ல வெளியிட்ட கணக்குல கோவா 26.4 சதவீதத்தோட முதல் இடம், புதுச்சேரி 26.3 சதவீதத்தோட ரெண்டாவது இடம். 20 வயசு தாண்டினவங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தர்! கப் வாங்கற விஷயத்துல மட்டும் நம்ம ஊர் முன்னாடி நிக்கும் :-) ஆனா அதுல பெரும்பாலும் டைப் 2. மாத்திரை, நடைப்பயிற்சி, பாகற்காய் ஜூஸ்னு ஊரே ஒரு மருத்துவம் வச்சிருக்கு. அதே மருத்துவத்தை எனக்கும் சொல்லுவாங்க. "ஊசியை விட்டுடு, ஆவாரம்பூ குடி"ன்னு சொன்ன ஒரு மாமாவை எங்க அம்மா வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்தாங்க. ஊசியை நான் ரெண்டு நாள் விட்டா ஐ.சி.யூ-லதான் இருப்பேன்.

எங்க அம்மா எட்டாவது வரைக்கும்தான் படிச்சாங்க. எனக்கு ஊசி போடக் கத்துக்கிட்டது அவங்கதான். அப்போ குப்பிதான், பேனா இல்ல. ரெண்டு வகை இன்சுலினை ஒரே சிரிஞ்சுல எடுக்கணும். "தெளிஞ்சது முன்னாடி, கலங்கினது பின்னாடி"ன்னு முணுமுணுத்துக்கிட்டே எடுப்பாங்க. கலங்கின குப்பியில முதல்ல காத்தை விட்டு, தெளிஞ்சதுல காத்தை விட்டு, தெளிஞ்சதை எடுத்து, அப்புறம் கலங்கினதை எடுக்கணும். பல வருஷம் கழிச்சு அமெரிக்க நர்சிங் பரீட்சை புத்தகத்தைத் திறந்தா முதல் மாதிரிக் கேள்வி இதே வரிசைதான். எங்க அம்மா எழுதியிருந்தா அந்தக் கேள்வியில மார்க் வாங்கியிருப்பாங்க.

பரீட்சைன்னு சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் சொல்லிடறேன். நம்ம நாட்டுல நர்ஸ் ஆகறதுக்குன்னு தனியா லைசென்ஸ் பரீட்சை கிடையாது. படிப்பை முடிச்சா கவுன்சில்ல பதிவு பண்ணி ஆர்.என்.ஆர்.எம் ஆயிடலாம். அதுக்கப்புறம்தான் ஆளாளுக்கு ஒரு பக்கம் பிரிவாங்க. சிலருக்கு ஜிப்மர் வேலைதான் கனவு, சிலருக்கு எய்ம்ஸ் நடத்தற நார்செட். சிலர் வளைகுடா, சிலர் லண்டன். எனக்கு என்கிளெக்ஸ்.

என்கிளெக்ஸ் ஒரு விசித்திரமான பரீட்சை. கம்ப்யூட்டர் நம்ம பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கஷ்டமாவோ சுலபமாவோ கொடுக்கும். குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் 5 மணி நேரம். நாம பாஸா ஃபெயிலான்னு அதுக்குத் தெளிவாத் தெரிஞ்சதும் திரை அணைஞ்சுடும். 2023 ஏப்ரல்ல இருந்து புது மாதிரி. ஒரு நோயாளியோட கேஸ் ஷீட்டையே கொடுத்து, இதுல எது முக்கியம், முதல்ல என்ன பண்ணுவ, பண்ணினது பலிச்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்குவன்னு தோண்டும். மனப்பாடம் வேலைக்கு ஆகாது. ஃபீஸ் 200 டாலர், நம்ம நாட்டுல உட்கார்ந்து எழுதினா மேல 150 டாலர். நமக்குப் பக்கத்துல சென்டர் சென்னை.

அதுல நீரிழிவுக் கேள்வி வந்தா நான் ராஜான்னு நினைச்சிருந்தேன். அந்த நினைப்பு ஒரு நைட் டியூட்டியில உடைஞ்சது.

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல. எனக்கு சுகர் இருக்குன்னு அந்த வார்டுல யாருக்கும் தெரியாது. நான் சொல்லல. வீட்டுல சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. "நாளைக்கு வேலைக்கும் தடை, கல்யாணத்துக்கும் தடை"ன்னு அப்பா. எனக்கும் அது வசதியாதான் இருந்தது. "பாவம் இந்தப் பொண்ணு"ங்கிற பார்வை வேண்டாம் பாருங்க.

அன்னிக்கு 9 மணி தாண்டி உடை மாத்தற ரூம்ல 6 யூனிட் போட்டுக்கிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஒரு இட்லி உள்ள போகல, "புது அட்மிஷன், ஓடி வா"ன்னு குரல். ஓடினேன். மூச்சுத் திணறல் கேஸ். ஆக்சிஜன், ஐ.வி, ஈ.சி.ஜின்னு நேரம் போனதே தெரியல. நான் போட்டது வேகமா வேலை செய்யற இன்சுலின். கால் மணி நேரத்துல ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உச்சத்துக்குப் போயிடும். வயித்துல இட்லி இருக்கா இல்லையான்னு அது பாக்காது.

பத்தே முக்கால் இருக்கும். ராத்திரி ஊசிக்கான மருந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். ஓரத்துப் படுக்கையில ஒரு தாத்தா. சொல்தா. (வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்களை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்.) அவர் மகன் பிரான்ஸ்ல இருக்கார், அங்கிருந்து வந்தப்போ இன்சுலின் குப்பியும் கொண்டு வந்திருக்கார். டாக்டர் பார்த்துட்டு அதையே போடச் சொல்லி 20 யூனிட்னு எழுதியிருந்தார். நான் தட்டுல கை வைச்சேன். கைக்கு வந்தது சிவப்பு மூடி சிரிஞ்சு. 20 கோடு வரைக்கும் இழுத்தேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க, இது நர்சிங் படிக்காதவங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம். நம்ம நாட்டுல மருந்துக் கடையில கிடைக்கிற இன்சுலின் குப்பிகள் நிறைய ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவுல வர்ற மருந்தும் சில குப்பிகளும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நூறு யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சுல 20-ங்கிற கோடு அரை மில்லி. அரை மில்லியில 40 வகை மருந்து இருந்தா 20 யூனிட். அதே அரை மில்லியில 100 வகை இருந்தா 50 யூனிட்! மாத்தி, 40 வகையை ஆரஞ்சு சிரிஞ்சுல 20 எடுத்தா வெறும் 8 யூனிட்தான் போகும், சுகர் இறங்கவே இறங்காது. அமெரிக்காவுல இந்தக் குழப்பம் கிடையாது, அங்கே 40 வகை இப்போ நாய் பூனைக்குத்தான். அதனால என்கிளெக்ஸ் புத்தகம் எதுலயும் சிவப்பு மூடியைப் பத்திப் பெரிசா பேச்சே இருக்காது. நம்ம வார்டுலதான் ரெண்டும் ஒரே தட்டுல படுத்திருக்கும்.

நல்லவேளை, இன்சுலினை ரெண்டு பேர் பார்க்கணும்னு ஒரு விதி இருக்கு. சீனியர் அக்காகிட்ட குப்பியையும் சிரிஞ்சையும் நீட்டினேன். சாதாரணமா எல்லாரும் தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க (நாமளும்தான், ஒத்துக்குவோம்). அக்கா குப்பியை லைட்டுக்கிட்ட கொண்டு போய்ப் படிச்சாங்க. அட்டைப் பெட்டி பூரா பிரெஞ்சு. ஆனா 100 எந்த பாஷையிலயும் 100 தானே.

"இது நூறு. சிரிஞ்சு சிவப்பு. என்னடி பண்ற?"

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாங்க. யூனிபார்ம் முதுகோட ஒட்டி, கை நடுங்கி, அவங்க கேட்டதுக்கு பதில் வாயில வராம நிக்கறேன். கையிலிருந்து சிரிஞ்சை வாங்கி வைச்சுட்டு என் விரலைப் பிடிச்சுக் குத்தினாங்க. 48.

70-க்குக் கீழ போனாலே லோ. 54-க்குக் கீழ போனா மூளைக்கு சர்க்கரை பத்தாம யோசனையே குழம்பும். கிளாஸ்ல நான்தான் இதை மத்தவங்களுக்கு சொல்லிக் கொடுப்பேன். எனக்கே வரும்போது "வேலையை முடிச்சுட்டு சாப்பிட்டுக்கலாம்"னு மட்டும்தான் தோணிச்சு. அப்படித் தோணறதே லோவோட வேலைதான். அக்கா மூணு ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணியில கலக்கி நின்னு குடிக்க வைச்சாங்க. 15 நிமிஷம் கழிச்சு 63. மறுபடி மூணு ஸ்பூன். அப்புறம் 91. இட்லி காஞ்சு போயிருந்தது, அதையும் சாப்பிட வைச்சாங்க. தாத்தாவுக்கு ஆரஞ்சு மூடியில 20 யூனிட் அக்காவே போட்டாங்க. அவர் பாதித் தூக்கத்துல "மெர்சி"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

இதை சொல்லும்போது எல்லாரும் "லோ ஆனதால தப்பு நடந்துச்சு, உன் மேல தப்பில்ல"ன்னு சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. 11 வயசுல இருந்து பேனா வாங்கற வரைக்கும் நான் பார்த்தது சிவப்பு மூடி மட்டும்தான். சுகர் 110 இருந்திருந்தாலும் என் கை சிவப்புக்குத்தான் போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம். தெரிஞ்ச வியாதிங்கிற தைரியத்துல குப்பியைப் படிக்காம விட்டேன். இப்போ ஒரு ஞாபகக் குறி வைச்சிருக்கேன்: நம்ம ஊர் போலீஸ்காரர் தொப்பி சிவப்பு, நம்ம ஊர் குப்பிக்கு சிவப்பு. எல்லா ஊர் குப்பியும் அப்படி இல்லங்கிறதால குப்பியில நம்பரைப் படிக்காம அதையும் நம்பறதில்ல.

விடியற்காலை 5 மணிக்கு அக்கா ஒரு பேப்பரை எடுத்து வைச்சாங்க. "நடந்ததை எழுது. நீ எழுதற, நான் கையெழுத்துப் போடறேன்." நான் அழுதேன். வெளியே தெரிஞ்சா படிப்பே போச்சுன்னு நினைச்சேன். "உன்னைத் தண்டிக்க இல்லம்மா. ரெண்டு சிரிஞ்சையும் ஒரே தட்டுல வைச்சவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. நீ எழுதாட்டி நாளைக்கு வேற ஒருத்தி எடுப்பா"ன்னாங்க. எழுதினேன். எனக்கு சுகர்ங்கிறதையும் எழுதினேன். அடுத்த வாரம் தட்டு ரெண்டாச்சு.

சொன்னதுக்கு அப்புறம் எல்லாம் சினிமா மாதிரி நல்லபடியா ஆயிடல. ஒரு மேடம் "உனக்கு நைட் வேண்டாம், ஓ.பி-யில இரு"ன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க, ஆனா நைட் போஸ்டிங் இல்லாம என் மணிக் கணக்கு எப்படி நிறையும்? நான் கேட்டது ரெண்டே ரெண்டு: ஊசி போட்டா 15 நிமிஷம் சாப்பிட விடுங்க, பாக்கெட்டுல குளுக்கோஸ் இருந்தா திட்டாதீங்க. ரெண்டும் கிடைச்சது. வாசிம் அக்ரமுக்கு 1997-ல டைப் 1 வந்து அதுக்கப்புறமும் வருஷக் கணக்கா பந்து போட்டார்னு மேடம்கிட்ட சொன்னேன். "நீ அக்ரம் இல்ல"ன்னாங்க. அதுவும் சரிதான்.

பரீட்சை ஹால் வேற கதை. போன செமஸ்டர்ல நான் டேபிள் மேல வைச்ச நாலு மிட்டாயையும் மேற்பார்வைக்கு வந்த சார் ஒவ்வொண்ணா பிரிச்சு உள்ள பிட் இருக்கான்னு பார்த்துட்டு, "சுகர் இருக்கிறவளுக்கு மிட்டாய் எதுக்கு?"ன்னு எடுத்துக்கிட்டார். சி.பி.எஸ்.இ 2017-லயே பத்தாவது, பன்னிரண்டாவது எழுதற டைப் 1 பசங்க சர்க்கரை மாத்திரை, வாழைப்பழம், தண்ணி பாட்டில் எல்லாம் உள்ள கொண்டு போகலாம்னு சொல்லிட்டாங்க. நர்சிங் பரீட்சை ஹால்லதான் எனக்கு இது நடந்தது!

என்கிளெக்ஸுக்கு இந்த விஷயத்துல முன்னாடியே யோசிக்கணும். சாப்பாடு லாக்கர்லதான். 2 மணி நேரம் ஆனதும் ஒரு இடைவேளை, மூணரை மணி நேரத்துல இன்னொண்ணு, ரெண்டும் நம்ம இஷ்டம். ஆனா கடிகாரம் நிக்காது. கூடுதல் வசதி வேணும்னா நாம விண்ணப்பிக்கிற மாநில போர்டுகிட்ட முன்னாடியே டாக்டர் சான்றிதழோட கேட்கணும். ஹால் டிக்கெட் மாதிரி ஒண்ணு வருமே, அது வந்த பிறகு கேட்டா நடக்காது. டைப் 1 தோழிகள் யாராவது இருந்தா இதைக் குறிச்சு வைச்சுக்கோங்க. எங்க வீட்டுல இன்னும் "கேட்காதே, சொல்லாதே"தான். நான் கேட்கப் போறேன்.

அதுக்காக ஞாயித்துக்கிழமை தோறும் ஒத்திகை. வழக்கமான டோஸ், ரெண்டு தோசை, அஞ்சு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி. அரை மணிக்கு ஒரு தடவை விரலைக் குத்தி நோட்டுல எழுதறேன். முதல் வாரம் 70-வது கேள்வி கிட்ட 66-க்கு இறங்கிடுச்சு. ரெண்டாவது வாரம் பயத்துல தோசை கூட சாப்பிட்டு 240-க்கு ஏறி, தலைவலியோட தப்புத் தப்பா எழுதினேன். போன வாரம் 118-ல ஆரம்பிச்சு 134-ல முடிஞ்சது. மார்க்கும் அன்னிக்குத்தான் கொஞ்சம் நல்லா வந்தது.

அந்த தாத்தா போன மாசம் ரிவ்யூவுக்கு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுபிடிச்சு "நல்லா படிக்கிறியா பாப்பா?"ன்னு கேட்டார். அன்னிக்கு நடந்ததை அவர்கிட்ட யாரும் சொல்லல. நானும் சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள அவரைக் கூப்பிட்டுட்டாங்க. அடுத்த தேதி 14-ம் தேதின்னு சீட்டுல பார்த்து வைச்சிருக்கேன். அன்னிக்கு எனக்கு ஓ.பி-யிலதான் டியூட்டி.