லோயர் ஆர்ம்: மாற்றுவதா, மேம்படுத்துவதா?

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். வாடகைக் கார் ஓட்டுபவர் முதலில் செய்வது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது! இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கும். அப்புறம்தான் ஒர்க் ஷாப். மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பியால் ஒரு நெம்பு நெம்பிவிட்டு, "ஆர்ம் புஷ் போச்சுண்ணே" என்பார்.

கண்ட்ரோல் ஆர்ம் என்பது இதுதான். உள்முனை ரப்பர் புஷ்கள் வழியாக வண்டியின் அடிச்சட்டத்தோடும், வெளிமுனை பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் சேர்ந்திருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகலாம், முன்னும் பின்னும் நகரக்கூடாது. சின்னக் கார்களில் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்பதால் பக்கத்துக்கு ஒரு கீழ் ஆர்ம் மட்டும்தான். 2005இல் இந்தியாவுக்கு வந்த இன்னோவாவில் முன்பக்கம் டபுள் விஷ்போன். மேலே ஒன்று, கீழே ஒன்று, செலவும் அதற்கேற்ப.

புஷ் மட்டும் போயிருந்தால் பிரஸ்ஸில் வைத்துப் புதிதாக ஏற்றலாம், காசு மிச்சம். ஆனால் பால் ஜாயிண்டிலும் ஆட்டம் இருந்தால், அல்லது பள்ளத்தில் விழுந்து ஆர்ம் வளைந்திருந்தால், அந்த மிச்சத்துக்கு ஆசைப்படக்கூடாது. புஷ் போனால் சத்தம், டயர் தேய்மானம். பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். பின் சீட்டில் யாரோ ஒருவருடைய குழந்தை உட்கார்ந்திருக்கும் வண்டி அது.

இனி மேம்படுத்தும் ஆசை. (கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு: பழையதைப் போலவே ஒன்றை மாற்றினால் வருவாயினச் செலவு, அதைவிட நல்லதாகப் போட்டால் முதலினச் செலவு!) ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போட்டால் ஸ்டீயரிங் கெட்டியாகத் தெரியும். கூடவே ரோட்டின் அதிர்வு முழுக்க கேபினுக்குள் வரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச் என்று கத்தும். ரேஸ் ஓட்டுபவருக்கு அது லாபம், தினமும் பத்து மணி நேரம் ஓட்டுபவருக்கு முதுகுவலி. அலுமினிய ஆர்ம் எடை குறைவு என்பது உண்மை. இரும்புத் தகட்டில் அழுத்திச் செய்த ஆர்மோ அடிபட்டால் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும்.

மேம்படுத்துவது ஆடம்பரமாக இல்லாமல் அவசியமாகவே ஆகும் இடமும் உண்டு. அமெரிக்காவில் ஜீப் ராங்லரை உயர்த்துகிறவர்கள் நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம்களை வாங்குவது வெறும் அழகுக்காக அல்ல. ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் ஆக்ஸில் சுழன்று காஸ்டர் கோணம் குறைந்துவிடும், நேர்ரோட்டில் வண்டி அலையும். நீளமான ஆர்ம் அந்தக் கோணத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. இதைப் பார்த்து இங்கே கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவு ஆவணத்தில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாடகைக் காருக்கு வருவோம். அவருக்குச் சரியானது, கம்பெனி ரப்பர் புஷ்ஷோடு வரும் முழு ஆர்ம். முடிந்தால் இரண்டு பக்கமும். அதிலும் ஒரு வேலை அடிக்கடி தப்பாக நடக்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும், பழி உதிரிபாகத்தின் மேல் விழும். சக்கரம் தரையில் நின்று, எடை முழுக்க இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அதன்பின் வீல் அலைன்மெண்ட். அந்தக் காசையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த டயரும் போய்விடும்.