கறவை நிற்காத விளையாட்டு

ஆடிட்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "ஏனுங் தம்பி, சம்பளக் கணக்கு சரி. இது என்னங், மாசாமாசம் டாலர்ல வருது?"

"சைடுல ஒரு வேலைங்க. கேம் பண்றோம்."

"அட, கொழந்தைங்க வெளையாடறதுங்களா?"

சிரித்து வைத்தேன். ஆர்.எஸ்.புரத்திலிருந்து சரவணம்பட்டி வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது.

குழந்தைகள் விளையாடுவது இல்லை. வயது வந்தோருக்கான விளையாட்டு. படம், வசனம், நடுநடுவே நீங்கள் எடுக்கும் முடிவுகள், அதற்கேற்ப நகரும் கதை. கதை போகிற இடம் படுக்கையறை. 2021-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில், ஐரோப்பாவிலிருந்து ஒருவர் தன் கோடு குப்பையாகிவிட்டது, ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் பயன்படுத்தியது ரென்பை. 2004-லிருந்து இருக்கும் இலவச எஞ்சின், அடியில் ஓடுவது பைத்தான். எனக்குத் தெரிந்த வேலைதானே என்று போனேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இந்த உலகத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சதையை மட்டும் பார்ப்பார்கள். உள்ளே போனால் முக்கால்வாசி கணக்குப்பிள்ளை வேலை. ஆம், இல்லை என்று 20 கேள்விகள் வைத்தால் போதும், சாத்தியமான பாதைகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அத்தனையிலும் கதை உடையாமல் இருக்க வேண்டும். போன மாதப் பதிப்பில் சேமித்த ஆட்டம் இந்த மாதப் பதிப்பில் திறக்காவிட்டால் திட்டு விழும். ஒவ்வொரு படமும் கிராபிக்ஸ் கார்டு மணிக்கணக்கில் வெந்து வெளியே வரும். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

பணம் வரும் வழிதான் சுவாரசியம். பேட்ரியான் 2013-ல் தொடங்கியபோது அது பாட்டுக்காரர்களுக்கும் வீடியோ எடுப்பவர்களுக்கும் ரசிகர்கள் கொடுக்கும் காணிக்கைக்கான இடம். இந்த விளையாட்டுக்காரர்கள் அதை மாதச் சம்பளமாக மாற்றிக்கொண்டார்கள். 2016-ல் தொடங்கிய 'சம்மர்டைம் சாகா' பல்லாயிரம் ஆதரவாளர்களைச் சேர்த்ததும், நாமும் பண்ணலாமே என்று ஆயிரம் பேர் கிளம்பினார்கள். ஒரு டாலர் கொடுத்தால் நன்றி. ஐந்து கொடுத்தால் புதுப் பதிப்பு முன்கூட்டியே. பத்து கொடுத்தால் அடுத்து யார் கதை நகர வேண்டும் என்று ஓட்டுப் போடலாம்.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் பேப்பரில் சுற்றிக் கொடுத்த சரோஜாதேவி புத்தகங்களை நினைத்துக்கொள்வேன். காசு கொடுத்தவனுக்கும் எழுதியவனுக்கும் அதோடு உறவு முடிந்தது. இங்கே முடிவதே இல்லை. விளையாட்டை முடித்தால் சம்பளம் நின்றுவிடும். எனவே முடிக்காமல் இருப்பதுதான் லாபம். புதுப் பாத்திரம், புது இடம், "எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறோம்" என்ற அறிவிப்பு, இப்படியே வருடங்கள் ஓடும். ரசிகர்களும் ஏமாளிகள் இல்லை. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம், கறப்பது.

கோபிப் பக்கம் மாடு வைத்திருந்த என் அமுச்சியிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். சினை மாட்டை, கன்று போடுவதற்கு ரெண்டு மாசம் முன்னாடியே கறவையை நிறுத்தி வற்ற விட வேண்டும். இல்லாவிட்டால் மாடும் தேறாது, கன்றும் தேறாது. எங்கள் ஆள் ஒருமுறை அப்படி நிறுத்திப் பார்த்தார். உடம்பு சரியில்லை, இந்த மாதம் யாரிடமும் பணம் எடுக்கவில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதம் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் இல்லை. அதற்கப்புறம் காய்ச்சலோடும் பதிப்பு வந்தது.

என் பங்குக்கு ஒரு பாத்திரத்துக்கு வசனம் எழுதக் கொடுத்தார்கள். நாற்பதுகளில் இருக்கும் ஒரு விடுதிக்காரி. கதாநாயகன் எப்போது உள்ளே வந்தாலும் "சாப்பிட்டாயா?" என்று கேட்பாள். எழுதும்போது யோசிக்கவே இல்லை, நம் ஊரில் எல்லோரும் கேட்பதுதானே. ஒரு ஆதரவாளர் தீவிரமாக எழுதிக் கேட்டார், இது ஏதாவது ரகசியத் துப்பா, பதில் மாறினால் கதை மாறுமா என்று. இன்னொருவர், இரவு லாரி ஓட்டுபவர், தன்னை அப்படிக் கேட்க இப்போது யாருமில்லை, அதனாலேயே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதாக எழுதினார். அந்தக் கடிதத்தை அன்றிரவு நாலைந்து தடவை படித்தேன்.

ஓட்டெடுப்பில் அவள் எப்போதும் கடைசி. மூன்றாவது முறையும் கடைசி வந்தபோது, "அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள்" என்று ஒரே வரி எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

பயமும் இருந்தது. 'சவிதா பாபி' படக்கதைத் தளம் 2008-ல் வந்தது, 2009-ல் அரசு தடை செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவு, ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிட்டால் முதல் முறையே மூன்றாண்டு வரை சிறை என்கிறது. 67ஏ-வில் ஐந்தாண்டு வரை. இந்தக் கட்டுரையில் விளையாட்டின் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் இந்த உலகின் உண்மையான போலீஸ் கார்டு கம்பெனிதான். 2017 அக்டோபரில் பேட்ரியான் விதியை இறுக்கியதும் பல விளையாட்டுகளில் பாத்திரங்களின் உறவுமுறையே மாற்றி எழுதப்பட்டது. 2025 ஜூலையில் ஸ்டீம் பல விளையாட்டுகளை நீக்கியது, இட்ச்.ஐஓ வயது வந்தோர் விளையாட்டுகள் அனைத்தையும் தேடலிலிருந்து மறைத்தது. ஓர் ஆஸ்திரேலியப் பிரச்சாரக் குழு பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்குக் கொடுத்த நெருக்கடிதான் பின்னணி. அவர்கள் முதலில் குறிவைத்த விளையாட்டு, பாலியல் வன்முறையையே பொழுதுபோக்காக்கியது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு முள்ளை எடுக்கக் காட்டையே கொளுத்தும்போது, "சாப்பிட்டாயா" என்று கேட்பவளும் சேர்ந்துதான் எரிவாள்.

அதற்கு முன்பே நான் வெளியே வந்துவிட்டேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் ராத்திரி மனைவி பின்னால் வந்து நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. கத்தவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கற பொம்பளைங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள். விடுதிக்காரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவளைத்தான் நானே ஊரைவிட்டு அனுப்பியிருந்தேனே.

அந்த வருடக் கணக்கு கொடுக்கப் போனபோது ஆடிட்டரிடம் சொல்லிவிட்டேன், குழந்தைகள் விளையாட்டு இல்லைங்க என்று. எந்த மாதிரி விளையாட்டு என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வரி கட்டியாச்சுங்களா?"

"கட்டிட்டேனுங்க."

"அப்ப எங்கணக்குல தப்பில்லீங் தம்பி. உங்க கணக்கு உங்களுக்குத்தான் தெரியும்."

ஃபைலை மூடிக் கொடுத்தார். கிளம்பும்போது, "சாப்ட்டாச்சுங்களா?" என்று கேட்டார்.