நோட்டுல ஏறுன பேரு

ஊர்க்காரர் ஒருத்தரின் கிணற்று மோட்டார் காணாமல் போனபோது எனக்குப் பத்து வயசு. மறுநாள் விடிகாலையில் போலீஸ் நேராகச் சேரிக்குத்தான் வந்தது. ஊருக்குள் ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அப்பாவையும் இன்னும் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பத்து விரலிலும் மை தடவி ரேகை எடுத்தார்கள். ஒரு நீள நோட்டில் பெயர், அப்பன் பெயர், சாதி, உடம்பில் இருக்கிற மச்சம், எல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாசம் கழித்து மோட்டார் கிடைத்தது. சொந்தக்காரரின் மச்சினனே விற்றிருந்தான். அவன்மேல் கேஸ் இல்லை, ஊருக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள். அதற்கப்புறமும் சுற்றுவட்டாரத்தில் எது களவு போனாலும், தேர்த் திருவிழா வந்தாலும், அப்பாவைத் தேடி ஆள் வரும். "மோட்டாருதான் கெடச்சிடுச்சேப்பா, இன்னும் ஏன் வராங்க?" என்று கேட்டேன். "நோட்டுல ஏறுன பேரு எறங்காதுடா" என்றார்.

அந்தப் பேச்சு திரும்ப ஞாபகத்துக்கு வந்த இடம் ஜெர்மனி.

சில வருஷங்களுக்கு முன் ஹைடல்பெர்க்கில் ஒரு மாசம் இருந்தேன். அங்கே பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த தோழி ஒருவர் கூப்பிட்டிருந்தார். எல்லோருக்கும் காட்டுகிற கோட்டையைக் காட்டிவிட்டு, பழைய நகரத்துச் சந்தில் ஒரு கட்டடத்துக்கு அழைத்துப் போனார். ஜெர்மன் சின்ட்டி, ரோமா மக்களின் ஆவண மையம் அது, 1997இல் திறந்தது. (சிந்து மாகாணத்துச் சிந்தி அல்ல, இது வேறு.) நமக்கு இவர்கள் 'ஜிப்ஸிகள்'. ஜெர்மன்காரர்கள் 'ட்சிகாய்னர்' என்பார்கள். அது வசவு, சாதிப்பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. ஆஷ்விட்ஸ் முகாமில் இவர்கள் கையில் எண் பச்சை குத்தியபோது முன்னால் போட்ட 'இசட்' அந்த வசவின் முதல் எழுத்துதான்.

நானும் ஒரு காலத்தில் கவிதையில் 'ஜிப்ஸி' என்று இனிக்க இனிக்க எழுதியவன். கூடாரம், கிடார், நெருப்பைச் சுற்றி ஆட்டம் என்று நினைப்பு. சுவரில் இருந்த படங்களில் அதெல்லாம் குறைவு. கோட்டு போட்ட குடும்பம், முதல் கற்பூசை முடித்த பிள்ளைகள், முதல் உலகப் போரில் ஜெர்மன் பட்டாளத்து உடுப்போடு ஒருவர். அறுநூறு வருஷமாக அந்த மண்ணில் இருக்கிறவர்கள்.

அடுத்து வேறு மாதிரிப் படங்கள். பக்கவாட்டில், நேரே, சாய்வாக என்று ஒரே முகம் மூன்று தடவை. தலையை அளக்கிற வெள்ளைக் கோட்டுகள். மை அப்பின பத்து விரல். அந்த விரல்களுக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

இதையெல்லாம் ஹிட்லர் தொடங்கி வைத்தான் என்றுதான் நினைத்திருந்தேன். மூனிக் போலீஸ் 1899இலேயே இவர்களுக்கென்று தனி அலுவலகம் திறந்துவிட்டது. 1905இல் 3,000க்கும் மேற்பட்ட பெயர்களை அச்சடித்துப் புத்தகமாகவே போட்டது. 1926இல் பவேரியாவில் தனிச் சட்டம். ஒழுங்கான வேலை இருப்பதாக நிரூபிக்க முடியாதவனை ரெண்டு வருஷம் வரை கட்டாய வேலைக்கு அடைக்கலாம். அப்போது அங்கே நடந்தது குடியரசு ஆட்சி. நம் நாட்டில் வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சுதந்திரம் வந்தபிறகும் 1952 வரை முழுசாக ஒழியவில்லை என்பதை வாசகத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாஜிகளுக்கு நோட்டு தயாராக இருந்தது. 1936இல் பெர்லினில் ராபர்ட் ரிட்டர் என்ற டாக்டரின் தலைமையில் இன ஆராய்ச்சி நிலையம் வந்தது. கிட்டத்தட்ட 24,000 சான்றுகள். பாட்டன் பூட்டன் வரை தோண்டி யாருக்கு எத்தனை பங்கு ரத்தம் என்று எழுதினார்கள். ரிட்டரின் கண்டுபிடிப்பைக் கேளுங்கள்: இவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஆதியில் ஆரியர்கள், வழியில் கீழானவர்களோடு கலந்து கெட்டார்கள், பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கலப்பு, அந்தக் கலப்புதான் ஆபத்து. தோழி படித்துச் சொல்லச் சொல்ல எனக்கு மனு வந்து நின்றான். பார்ப்பனத்திக்கும் சூத்திரனுக்கும் பிறந்தவன் சண்டாளன், மனிதரில் கடையன், ஊருக்கு வெளியே கிடக்கட்டும் என்றவன். ரெண்டு பேருக்கும் ஒரே பயம்.

இதில் இன்னொரு கூத்து. ரோமா மொழியின் வேர் இந்தியாவில் இருப்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு அவர்கள் ராஜபுத்திர வீரர்களின் வாரிசு என்று சிலர் எழுதுகிறார்கள். விஷவாயுவில் செத்தவனுக்கும் பூணூல் தேடுகிறார்கள்.

ரிட்டரின் உதவியாளர் எவா ஜஸ்டின். ரோமா பாஷை பேசுவாள். பேசிப் பேசியே வீட்டுக்குள் போனவள். டாக்டர் பட்டத்துக்கு அவள் ஆராய்ந்தது முல்பிங்கன் என்ற ஊரில் கத்தோலிக்க விடுதியில் இருந்த சின்ட்டிப் பிள்ளைகளை. பெற்றோரை முகாம்களுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளை அங்கே சேர்த்திருந்தார்கள். விளையாட விட்டுப் படம் பிடித்தாள். ஆய்வு முடிகிற வரைக்கும் பிள்ளைகளை யாரும் தொடவில்லை. முடிந்தது. 1944 மே 9ஆம் தேதி, சுற்றுலா போகிறோம் என்று சொல்லி 39 பேரைக் கூட்டிப் போனார்கள். ஆஷ்விட்ஸ். பிழைத்தது நாலு பேர். அந்த வருஷம் ஆகஸ்ட் 2 இரவு, முகாமின் அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த 4,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று தீர்த்தார்கள். ஐரோப்பா முழுக்க ரெண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை கணக்குச் சொல்கிறார்கள்.

போர் முடிந்தது. ஜஸ்டினுக்கு பிராங்பர்ட் நகராட்சியில் உத்தியோகம். ரிட்டருக்கும் அதே இடத்தில். மூனிக் அலுவலகம் பெயரை மட்டும் 'நாடோடிகள் மையம்' என்று மாற்றிக்கொண்டது. பழைய அதிகாரிகள், பழைய கோப்புகள். முகாமிலிருந்து மீண்டவன் நஷ்டஈடு கேட்டால், ஆள் எப்படி என்று அங்கேதான் விசாரிப்பார்கள். அனுப்பினவனிடமே நன்னடத்தைச் சான்று!

எனக்குத் தாங்க முடியாமல் போனது 1956 ஜனவரி 7ஆம் தேதித் தீர்ப்பு. 1940 மே மாதத்தில் சுமார் 2,500 சின்ட்டி, ரோமாக்களைக் குடும்பம் குடும்பமாகப் போலந்துக்கு நாடு கடத்தினார்கள். அதற்கு நஷ்டஈடு உண்டா என்று வழக்கு. கார்ல்ஸ்ரூகவில் இருக்கிற கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 1943க்கு முன் இவர்களுக்கு நடந்தது இனத் துன்புறுத்தல் அல்ல, போலீஸ் நடவடிக்கையாம். இவர்கள் திருட்டிலும் மோசடியிலும் நாட்டமுள்ளவர்களாம், அடுத்தவன் சொத்தை மதிக்கத் தெரியாத ஆதிமனிதர்களாம். சுருக்கமாகச் சொன்னால், இனத்துக்காக அல்ல, குணத்துக்காக. அந்த மே மாதம் ஹோகனாஸ்பெர்க் கோட்டையில் அடைத்து வைத்து, ரிட்டரின் ஆட்கள் ஒவ்வொருவராக இனம் பார்த்துத்தான் ரயிலேற்றினார்கள். ட்சிகாய்னர் இல்லை என்று தேறினவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீதிபதிகளுக்கு அதில் இனம் தெரியவில்லை. 1963இல் பாதி இறங்கி வந்தார்கள், அவ்வளவுதான்.

1980 ஏப்ரல் 4, புனித வெள்ளி. டாகாவ் முகாம் நினைவிடத்தில் 12 சின்ட்டிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். முகாம்களில் கிடந்து மீண்டவர்களும் அதில் இருந்தார்கள். ரோமானி ரோஸ் என்பவர் முன்னின்றார். அவர்கள் கேட்டதில் முக்கியமானது நோட்டுதான்: மூனிக் கோப்புகள் எங்கே? அழித்துவிட்டோம் என்றது பவேரிய அரசு. அடுத்த வருஷம் செப்டம்பரில் ட்யூபிங்கன் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ரிட்டர் கூட்டம் அளவெடுத்த காகிதங்கள் அங்கே இருந்தன. அவற்றை மத்திய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வைத்தார்கள். 1982 மார்ச் 17இல் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் இது இனப்படுகொலை என்று ஒத்துக்கொண்டார். அந்தத் தீர்ப்புக்கு வெட்கப்படத்தான் முடியும் என்று அதே நீதிமன்றத்தின் தலைவர் பெட்டினா லிம்பெர்க் ஹைடல்பெர்க் வந்து சொன்னது 2015இல். 59 வருஷம்.

வெளியே வந்ததும் தோழி சொன்னார், "எங்க பாட்டி, ட்சிகாய்னர் வர்றாங்க, கொடியில கெடக்கிற துணிய எடு, கொழந்தைய உள்ள கூப்பிடுன்னு சொல்வாங்க." எனக்கு எங்கம்மா ஞாபகம். சோறு தின்னாவிட்டால் "கொறவன்கிட்ட புடிச்சிக் குடுத்துடுவேன்" என்பாள். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நரிக்குறவர்கள் வந்து தங்குவார்கள். கல்லெறிந்த சேரிப் பையன்களில் நானும் ஒருத்தன். ஒரு தடவை எங்கள் வீட்டுக் கோழி காணவில்லை. "அவனுங்க வேலதான்" என்றார் அப்பா. நோட்டில் பேர் இருந்த அதே அப்பா. இதைத் தோழியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது விசாரணைக்கு ஒரு ஏட்டு வந்தார். மனுவில் அப்பா பேரைப் பார்த்துவிட்டு, "மோட்டாரு கேஸு ஆளோட மவனா?" என்று சிரித்தார். அப்பா செத்துப் பத்து வருஷமாகியிருந்தது. மோட்டார் போனபோது அந்த ஏட்டு பிறந்திருக்கவே மாட்டார். நோட்டைக் காட்டுங்க சார் என்று நான் கேட்கவில்லை. முந்நூறு ரூபாய் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.