ஈயம் பிடிக்கும் பெட்டி

ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு அரை கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். போட்டியில் சுடுவது 60 குண்டு. ஆனால் போட்டிக்குத் தயாராகும் பிள்ளை தினம் நூறு குண்டு சுட்டால், மாதம் ஒன்றரைக் கிலோ ஈயம் வீட்டுக்குள் சேர்ந்துவிடும். அது எங்கே விழுகிறது, யார் அள்ளுகிறார்கள், பிறகு எங்கே போகிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அங்கிருந்து துவாக்குடிக்கும் கொள்ளிடக் கரைக்கும் போக நேர்ந்தது.

திருச்சிக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1966 முதல் இங்கே படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது திரண்ட கூட்டம் ஊரறிந்தது. ஆனால் கிளப்புக்குப் போக முடியாத நாளில் வீட்டிலேயே பழகுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நான் போனது உத்தர வீதியை ஒட்டிய ஒரு பழைய வீடு. ரங்கத்து வீடுகளுக்கு முகப்பு குறுகல், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். பத்து மீட்டர் தூரத்துக்காக எந்தச் சுவரையும் இடிக்க வேண்டாம். கல்லூரியில் படிக்கும் அந்த வீட்டு மகள் ரேழியில் நின்று சுடுகிறாள். கொல்லைக் கதவுக்கு முன்னால், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இலக்கு அட்டையின் நடுப்புள்ளி. 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது. அவள் சுடும் நேரத்தில் கொல்லைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். யாராவது கூடத்தைக் கடக்க வேண்டுமென்றால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். பாட்டிக்கும் இதே சட்டம்.

முதலில் அட்டைக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகட்டை நேராக நிறுத்தியிருக்கிறார்கள். குண்டு நசுங்கி, சிதறி, சில துண்டுகள் சுட்டவள் பக்கமே திரும்பி வந்திருக்கின்றன. அதன் பிறகுதான் அவளுடைய அப்பா, குண்டைப் பிடிக்க ஒரு பெட்டி செய்துதரச் சொல்லித் துவாக்குடிப் பட்டறைக்காரரைத் தேடிப் போயிருக்கிறார்.

பெல் பாய்லர் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் நிறைந்த இடம் துவாக்குடி. அந்த வெல்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பாய்லர் உறுப்புகளுக்குப் பற்றவைத்துப் பழகிய கை. நான் போனபோது இன்னொருவருக்காக அதே மாதிரிப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். 3 மி.மீ. தகடு, மிச்சம் விழுந்த துண்டு. மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் வரும்படி 45 டிகிரி சாய்த்து டாக் அடித்தார். “நேரா வச்சா திரும்பி வரும் சார். சாய்ச்சு வச்சா அதுக்குக் கீழ போறதத் தவிர வழி இல்ல.”

பற்று முழுவதையும் பெட்டிக்கு வெளிப்புறமே ஓட்டினார். உள்ளே தையல் மேடாக நின்றால் அதில் படும் குண்டு எந்தத் திசைக்குத் தெறிக்கும் என்று சொல்ல முடியாதாம். உள்மூலைகளைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி தேய்த்தார். அடியில் இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு தட்டு, முன்னால் இரண்டு அங்குலத் தடுப்பு, வாயில் லாரி மட்கார்டு ரப்பர் ஒரு திரை. குண்டு ரப்பரைத் துளைத்து உள்ளே போகும். உடைந்த தூள் வெளியே வராது. கடையில் விற்கும் பெட்டிகளும் பார்த்திருக்கிறேன். இந்த உள்மூலைச் சுத்தம் அவற்றில் இல்லை.

ரங்கத்து வீட்டில் தட்டை இழுத்துக் காட்டினார்கள். சாந்துப் பொட்டுப் போலத் தட்டையான ஈயத் துண்டுகள். அவற்றுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் நைசான தூள். எனக்குக் கவலை தந்தது இந்தத் தூள்தான். விளக்குமாறு வைத்துப் பெருக்கினால் காற்றில் ஏறி மூச்சோடு போகும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும், அந்தத் துணியை வேறு துணிகளோடு துவைக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ரத்தத்தில் ஈயம் இந்த அளவு வரை இருக்கலாம் என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பெண் இதையெல்லாம் அறிந்து முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் தட்டைக் காலி செய்கிறாள்.

சேர்ந்த ஈயத்தை, கொள்ளிடக் கரையில் வீச்சு வலை கட்டும் ஒரு பெரியவர் வாங்கிக்கொள்கிறார். வலையின் விளிம்பு சுற்றிலும் ஈயக் குண்டு கோத்தால்தான் வலை விரிந்த வேகத்தில் அடிக்குப் போய் மீனை மூடும். பழைய பேட்டரி ஈயத்தைவிட அவருக்கு இதுதான் பிடிக்கும். ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார், கோடு விழுந்தது. “இது மெதுவு. கயித்துல வச்சு இறுக்குனா வெடிக்காது. பேட்டரி ஈயம் முறுக்கு.” பேட்டரித் தகட்டில் கடினம் கூட்ட ஆன்டிமனி கலப்பதுண்டு. அவருக்கு நகமே பரிசோதனைக் கூடம்.

ஈயம் உருக 327 டிகிரி போதும், விறகடுப்பே தாங்கும். இரும்புச் சட்டியில் துண்டுகளைப் போடுமுன் வெயிலில் நன்றாகக் காயவைத்தார். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். மேலே மிதந்த கசடைக் கரண்டியால் வழித்துப் பக்கத்து மண்ணில் கொட்டினார். அதே மண்ணில், நாலு வயதுப் பேரன் குந்தியிருந்தான். அடுப்புக்கு இரண்டெட்டில் சோற்றுப் பானை.

பெட்டி செய்தவரிடம் இருக்கும் அக்கறை சட்டி வரைக்கும் வந்து சேரவில்லை. இதற்கு அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈயத்தின் ஆபத்தை அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. குண்டு பிடிக்கும் பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஈயம் உருக்கும் வேலையைக் குழந்தை நடமாடும் இடத்தில் செய்யவே கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கரையோரக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனையை அரசே முகாம் போட்டுச் செய்ய வேண்டும்.

அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். “எங்க ஐயா காலத்துலருந்து இப்படித்தாங்க” என்றவர், பேரனைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கசடுக்கு மூடி போட்ட டப்பா ஒன்று வைத்துக்கொள்கிறேன், அடுப்பையும் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்குக் கிழக்கே இடம் பார்த்தோம். ஆடியில் மேல்காற்று புகையை அப்பால் கொண்டுபோய்விடும். மருமகள் குறுக்கே வந்து, ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் புகை நேரே அடுத்த வீட்டுக்குள் போகும், அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது என்றார். மூன்று பேரும் இன்னும் தள்ளி, ஆற்று மணல் பக்கமாக இறங்கி வேறு இடம் தேடினோம்.